மரவுச்சியில் ஒரு வழித்தடம்: மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெயின்பாம், குவாத்தமாலா அதிபர் பெர்னார்டோ அரேவலோ, பெலிஸ் பிரதமர் ஜான் பிரிசெனோ ஆகியோருக்கும், மாயா பெருங்காட்டைக் காக்கும் பொறுப்பிலிருக்கும் மூன்று நாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2025 ஆகஸ்ட் 15 அன்று மெக்சிகோவின் கலாக்முலில் மூன்று நாடுகளும் ஒன்றுகூடி, 57 லட்சம் ஹெக்டேர் பரப்பில் மாயா பெருங்காட்டுக்கு ஒரு பொது வழித்தடத்தை அறிவித்தீர்கள். அமெரிக்கக் கண்டங்களில் அமேசானுக்கு அடுத்துப் பேசப்படும் வெப்பமண்டலக் காடு இது. எல்லைக்கோடுகளை மறந்து ஒரு காட்டை ஒரே காடாகப் பார்ப்பது அரசுகளுக்கு எளிதில் வருகிற பழக்கமன்று. அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பாராட்டை முதலிலேயே சொல்லிவிட்டதால் இனி தயக்கமில்லாமல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அறிவித்த வழித்தடம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது?

கேலியாகக் கேட்கவில்லை. வரைபடத்தில் பச்சை நிறம் அறுபடாமல் இருந்தால் ஜாகுவார் சமாளித்துக்கொள்ளும். இரவில் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடும். பன்றி போன்ற உருவமுள்ள தபீரும் அப்படித்தான். அதே காட்டின் உச்சியில் வாழும் சிலந்திக் குரங்குக்கு அது போதாது. அதற்குக் கிளை தொடர வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் ஒரு மெல்லிய கீற்றாகக்கூடத் தெரியாத இடைவெளி, இந்தக் குரங்குக்குக் கடக்க முடியாத எல்லையாக ஆகிவிடலாம். மூன்று அரசுகள் சேர்ந்து அழித்த எல்லையை ஒரு சாலை மறுபடியும் போட்டுவிடும்.

இதைத் தமிழில் எழுதி உங்கள் மேசைக்கு எப்படி அனுப்புவாய் என்று யாரேனும் கேட்கலாம். திறந்த மடல் என்பது பெறுபவர் படிக்க மட்டும் எழுதப்படுவதில்லை, ஊரறிய எழுதப்படுவது. தவிரவும், நாங்கள் சப்போட்டா என்று சொல்லி உண்ணும் பழத்தின் தாயகமே உங்கள் காடுதான். அந்த மரத்தின் விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பரப்பிவரும் உயிர்களில் சிலந்திக் குரங்கும் ஒன்று. அந்த உறவை வைத்தாவது சில வார்த்தைகள் பேச எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிலந்திக் குரங்கின் உடலைப் பார்த்தாலே அது எந்த உயரத்துக்காக உருவான உயிர் என்பது விளங்கிவிடும். ஏழெட்டுக் கிலோ எடைக்குப் பொருந்தாத நீண்ட கைகால்கள். கையில் கட்டைவிரல் இல்லை; சிலவற்றுக்கு இருந்தாலும் வெறும் மொட்டு. கிளையை நான்கு விரல்களால் கொக்கியிட்டுப் பற்றி, ஊசலாடி, விட்டு, அடுத்ததைப் பற்றும் கைக்குக் கட்டைவிரல் இடைஞ்சல்தான். வால் உடம்பைவிட நீளம். அதன் நுனிப் பகுதியின் அடிப்பக்கத்தில் மயிரில்லாத தோல் பட்டை ஒன்று உண்டு. நம் விரல்ரேகை போன்ற வரிகள் அதில் ஓடும். மொத்த எடையையும் அந்த வாலிலேயே தாங்கிக்கொண்டு, கைகால்கள் நான்கும் ஓய்வாக இருக்க, வேறெந்தப் பெரிய விலங்கும் எட்ட முடியாத மெல்லிய கிளைநுனியில் பழுத்துத் தொங்குவதைப் பறித்துத் தின்னும். தரைக்கு இறங்குவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடும் வறட்சியில் நீர் தேடியும், சில இடங்களில் தாதுக்கள் நிறைந்த மண்ணைத் தின்னவும் இறங்குகின்றன. அப்போதும் சுற்றும் முற்றும் பார்த்து, தயங்கித் தயங்கி இறங்கி, வேலை முடிந்ததும் விருட்டென்று ஏறிவிடும். ஜாகுவாரும் பூமாவும் உலவும் தரையில் அவற்றுக்கு வேறு வழியில்லை.

மேலே அவை கண்டபடி அலைவதுமில்லை. ஈக்வடாரின் யசூனி காட்டில் இவற்றின் உறவினமான வெள்ளை வயிற்றுச் சிலந்திக் குரங்குகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை குறிப்பிட்ட சில பாதைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைக் கண்டார்கள். ஆண்டுகள் கடந்தும் அதே பாதைகள். மலைமுகடுகளை ஒட்டிப் போகும் அந்த மரவுச்சிச் சாலைகளிலிருந்துதான் பழமரங்களுக்கான கிளைவழிகள் பிரிகின்றன. எந்த மரம் எங்கே இருக்கிறது, எப்போது பழுக்கும் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய வாழ்க்கை இது. ஏறக்குறைய அதே எடையுள்ள ஊளைக் குரங்கு பெரும்பாலும் இலை தின்று காலம் தள்ளுகிறது. அதன் மூளை ஐம்பது கிராம் சொச்சம். சிலந்திக் குரங்கின் மூளையோ நூறு கிராமைத் தாண்டும். இந்த வேறுபாட்டுக்கு உணவுதான் காரணம் என்று குரங்கின ஆய்வாளர் காத்தரின் மில்ட்டன் பல ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே இருக்கிறது. இலை எங்கும் கிடைக்கும். பழத்தைத் தேடிப் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, உங்கள் காட்டில் ஏற்கெனவே ஒரு சாலை வலைப்பின்னல் இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் வரைபடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

இந்த வலைப்பின்னலில் யார் தொலைதூரம் போகிறார்கள் என்பதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வழித்தடம் என்றதும் ஒரு விலங்குக் கூட்டம் மொத்தமாக இடம்பெயர்வதாக நாம் கற்பனை செய்கிறோம். சிலந்திக் குரங்குகளின் சமூகம் அப்படி இயங்குவதில்லை. முப்பது நாற்பது குரங்குகள் கொண்ட ஒரு கூட்டம் முழுவதுமாக ஒரே மரத்தில் இருப்பதைப் பார்ப்பது அரிது. காலையில் இரண்டு பேராக, ஐந்து பேராக, சில நேரம் தனியாகவே பிரிந்து போகும். பழம் நிறைந்த மரம் கிடைத்தால் குதிரைக் கனைப்பை நினைவூட்டும் ஒரு குரல் எழும்பும். பிரிந்தவை சில அங்கே வந்து சேரும். மீண்டும் சந்திக்கும்போது ஒன்றையொன்று தழுவிக்கொள்வதும் உண்டு. பழம் குறைந்தால் சிறு குழுக்கள், நிறைந்தால் பெரிய குழுக்கள். காட்டில் கிடைக்கும் உணவின் அளவுக்கு ஏற்ப இந்தச் சமூகம் தன்னைப் பிரித்தும் சேர்த்தும் கொள்கிறது.

இந்தச் சமூகத்தில் ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. பெண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் புறப்படுகின்றன. குரங்கினங்கள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கும். அப்படியானால் 57 லட்சம் ஹெக்டேர் வழித்தடத்தின் உண்மையான பயணி யார்? ஐந்தாறு வயதான, இன்னும் குட்டி ஈனாத, தாயின் கூட்டத்தை விட்டுக் கிளம்பிய ஓர் இளம்பெண் குரங்கு. அறியாத காட்டில், தெரியாத கூட்டத்தின் எல்லைக்குள், அது போய்ச் சேர வேண்டும். போகும் வழியில் கிளை அறுந்திருந்தால் அது நின்றுவிடும், அல்லது தரையிறங்கிக் கடக்க முயலும். நின்றுவிட்டால் சொந்தத் தமையன்களும் தகப்பன் உறவுகளும் மட்டுமே உள்ள கூட்டத்தில் முடங்கும். இறங்கினால் நாய், துப்பாக்கி, லாரி. வழித்தடம் வெற்றி பெற்றதா இல்லையா என்பதை அந்த ஒரு பயணியை வைத்தே அளக்கலாம். உங்கள் திட்ட அறிக்கைகளில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

அது போய்ச் சேர்ந்தாலும் கணக்கு மெதுவாகத்தான் நகரும். முதல் குட்டி ஏழெட்டு வயதில். சூல்காலம் ஏழரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அந்தக் குட்டி முதல் சில மாதங்கள் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டும், பிறகு முதுகில் ஏறித் தன் வாலைத் தாயின் வாலில் சுற்றிக்கொண்டும் பயணம் செய்யும். அதன்பின்னும் பெரிய இடைவெளிகளில் தாய் தன் உடலையே பாலமாக நீட்டிக் கொடுக்க, குட்டி அதன்மேல் ஏறிக் கடக்கும். அடுத்த குட்டி வர மூன்று ஆண்டுகள் ஆகும். இருபது இருபத்தைந்து வயதுவரை வாழும் தாய்க்கு வாழ்நாளில் ஐந்தாறு குட்டிகள் பிறந்தால் அதிகம். அவற்றிலும் எல்லாமே பிழைப்பதில்லை. மானையும் காட்டுப்பன்றியையும் போல வேட்டையின் இழப்பை ஓரிரு ஆண்டுகளில் ஈடுகட்டும் இனமன்று இது. ஒரு தாயைச் சுட்டால் அந்தக் காடு இழப்பது ஒரு குரங்கை மட்டுமன்று, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கான அதன் குட்டிகளையும்தான்.

இந்த மெதுவான கணக்கில் அரசுகளை ஏமாற்றக்கூடிய ஓர் அம்சமும் இருக்கிறது. ஒரு துண்டுக் காட்டில் பெண் குரங்குகளின் வரவு இன்று நின்றுபோனால், நாளைக்கு அங்கே போய்ப் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. குரங்குகள் இருக்கும். கனைப்பு கேட்கும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். வயதான பெண்கள் ஒவ்வொன்றாக இறந்து, ஈனும் வயதில் எவையும் மிஞ்சாத நிலை வருவதற்கு இரண்டு மூன்று அதிபர் ஆட்சிக்காலங்கள் ஓடியிருக்கும். சாலைக்கு அனுமதி அளித்தவரைக் கேள்வி கேட்க அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இதனால்தான் "அந்தப் பகுதியில் குரங்குகள் இன்னும் காணப்படுகின்றன" என்று ஆய்வறிக்கைகளில் வரும் வாக்கியத்தை நான் நம்புவதில்லை. காணப்படுகின்றன, சரி. அவற்றில் முதுகில் குட்டி சுமப்பவை எத்தனை?

குரங்கு போனால் போகட்டும், காடு இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவற்றின் உணவில் பெரும்பகுதி பழுத்த பழம். ரமோன் என்ற காட்டு மரத்தின் பழம், சப்போட்டா, காட்டு அத்தி வகைகள், இன்னும் எத்தனையோ. கொறித்துத் துப்பும் பழக்கம் இவற்றுக்குக் குறைவு. விதையோடு விழுங்கிவிட்டு, சில மணிநேரத்துக்குப் பிறகு, தாய்மரத்திலிருந்து வெகுதூரத்தில் கழிக்கின்றன. இரவில் உறங்க மீண்டும் மீண்டும் ஒரே மரங்களுக்கு வருவதால் அவற்றின் அடியில் விதையும் எச்சமும் குவிகின்றன. இதைவிட வளமான நாற்றங்கால் வேறெங்கே என்று கேட்கும் அளவுக்கு எதையும் மிகைப்படுத்த நான் விரும்பவில்லை, ஆனால் மெக்சிகோவின் லக்கன்டோன் காட்டில் அந்த உறக்க மரங்களின் அடியை ஆராய்ந்தவர்கள் காடு புதுப்பிக்கப்படும் இடங்களாகவே அவற்றைக் கருதுகிறார்கள். பெரிய விதையுள்ள மரங்கள் பெரும்பாலும் அடர்ந்த கட்டையுள்ளவை, அதிகக் கரிமத்தைச் சேமிப்பவை. அந்த விதைகளைச் சிறு பறவைகளால் விழுங்க முடியாது. விழுங்கக்கூடிய பெரிய விலங்குகள் மறைந்த காட்டில் இன்றைய மரங்கள் நிற்கும். அவற்றின் வாரிசுகள் மெல்ல மெல்லக் குறையும். பருவநிலை மாநாடுகளில் மாயா காட்டின் கரிமத்தை எண்ணிக் காட்டுகிறீர்கள். அந்தக் கணக்குப் பொய்யாகாமல் இருக்க இந்தக் குரங்குகளின் கூலியில்லா உழைப்பும் தேவை.

பழம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இவை தின்றுவிட்டுப் போட்ட பழங்களைச் சோதித்தபோது, இயற்கையாகப் புளித்து அவற்றில் ஒன்றிரண்டு விழுக்காடு ஆல்கஹால் இருந்தது. குரங்குகளின் சிறுநீரிலும் அதன் தடயம் கிடைத்தது. 2022இல் வெளியான ஆய்வு. மனிதனின் குடிப்பழக்கத்துக்கு வேர் எங்கே என்று பத்திரிகைகள் குதூகலமாக எழுதின. எனக்கு அதில் வேறொன்று பட்டது. நன்றாகக் கனிந்து, சர்க்கரை ஏறி, புளிக்கத் தொடங்கும் கட்டத்தில் இருக்கும் பழத்தைத் தேடித் தின்னும் உயிருக்குக் காலமும் இடமும் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்!

இனி உங்கள் காட்டின் அறுந்த கிளைகளுக்கு வருகிறேன்.

மாயா ரயில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. யுகாத்தான் தீபகற்பத்தைச் சுற்றி ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர் பாதை. லட்சக்கணக்கான மரங்கள் விழுந்தன. கலாக்முல் பகுதியிலும் பிற இடங்களிலும் விலங்குகள் கடக்கப் பாலங்களும் சுரங்கவழிகளும் கட்டப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை; கட்டாமலே விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நடந்து செல்லும் விலங்குகளை மனதில் வைத்தவை. ஜாகுவார் ஒன்று சுரங்கவழியில் போகும் காட்சி கேமராவில் பதிவானால் அது செய்தியாகிறது, அமைச்சகம் அதைப் பகிர்கிறது. இருபது மீட்டர் உயரத்தில், இரு கரைக் கிளைகளும் எட்டாத தூரத்தில், ஒரு குரங்கு திரும்பிப் போவதைப் படம்பிடிக்க எந்தக் கேமராவும் கட்டப்படவில்லை.

கலாக்முல் சந்திப்பின்போதே அந்த ரயிலைக் குவாத்தமாலாவுக்கும் பெலிஸுக்கும் நீட்டும் பேச்சும் எழுந்தது. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அதற்கு இடமில்லை என்று அதிபர் அரேவலோ சொன்னார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றுவார் என்று நம்புகிறேன். அவருக்குப் பின் வருபவரும் காப்பாற்ற வேண்டுமானால் அது மேடைப் பேச்சாக நின்றுவிடாமல் மூன்று நாடுகளின் ஒப்பந்தத்தில் எழுத்தாக வேண்டும்.

குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் ரயில் இல்லை, மாடுகள் இருக்கின்றன. 1990இல் உருவான மாயா உயிர்க்கோளக் காப்பகம் 21 லட்சம் ஹெக்டேர். அதன் மேற்குப் பகுதியில் லகுனா டெல் டிக்ரே, சியரா டெல் லக்கன்டோன் ஆகிய தேசியப் பூங்காக்களில் காட்டை எரித்துச் சட்டவிரோத மேய்ச்சல் நிலங்கள் பரவியிருக்கின்றன. போதைப்பொருள் கடத்தல் பணம் அதன் பின்னால் இருப்பது ஊரறிந்த செய்தி. கிழக்கே நிலைமை வேறு. உவாஹாக்துன், கார்மெலிட்டா போன்ற ஊர்களின் மக்கள் அரசிடமிருந்து உரிமை பெற்று, அளந்து மரம் வெட்டி, ஷாதே என்ற சிறு பனையின் ஓலையும், சப்போட்டா மரத்தில் வடியும் சிக்கிள் என்ற பாலும் எடுத்துப் பிழைக்கிறார்கள். அங்கே காடு பெருமளவு அப்படியே நிற்கிறது. மிகக் கடுமையான பாதுகாப்பு எழுதப்பட்ட பூங்கா எரிகிறது, கோடரியோடு மனிதர்கள் வாழும் காடு நிற்கிறது. பாதுகாப்பு என்றாலே மக்களை வெளியேற்றுவது என்று நினைக்கும் எங்கள் ஊர் அதிகாரிகளும் பெத்தேனைப் பார்க்கலாம் என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். லகுனா டெல் டிக்ரேயின் எண்ணெய் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் 2025 ஆகஸ்டில் முடியவிட்டது நல்ல தொடக்கம். எண்ணெய்க்காகப் போட்ட சாலைகள் அங்கேயே கிடக்கின்றன. மாட்டுப் பண்ணைகள் அந்தச் சாலைகளின் வழியேதான் வந்தன. சாலையை மூடாமல் ஒப்பந்தத்தை மட்டும் மூடினால் பாதி வேலைதான்.

புயலையும் வெயிலையும் எந்த அரசும் தடுக்க முடியாது. தாங்கும் வலிமையைக் காட்டுக்குத் தரலாம். மெக்சிகோவின் புன்தா லகுனாவில் மாயா கிராம மக்கள் காக்கும் 5,367 ஹெக்டேர் காட்டில், 1990களின் பிற்பகுதியிலிருந்து சிலந்திக் குரங்குகள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டுக் கவனிக்கப்படுகின்றன. 2005இல் எமிலி, வில்மா என இரு சூறாவளிகள் அடுத்தடுத்து அங்கே வீசின. பழமரங்கள் சாய்ந்தன. குரங்குகள் இலைகளை அதிகம் தின்னத் தொடங்கின. சிறுசிறு குழுக்களாகச் சிதறின. அவை பிழைத்தது, சிதறிப் போக இடம் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். 2024 மே மாத வெப்ப அலையில் மெக்சிகோவின் தபாஸ்கோ, சியாபாஸ் மாநிலங்களில் ஊளைக் குரங்குகள் நூற்றுக்கும் மேல் மரங்களிலிருந்து விழுந்து இறந்ததை உலகமே பார்த்தது. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே துண்டுகளாக மிஞ்சிய மரக்கூட்டங்களில் அடைபட்ட குரங்குகளுக்கு, நிழலும் நீரும் தேடிப் போக வழி இருக்கவில்லை. அடுத்த வெப்ப அலை வரும். அப்போது சிலந்திக் குரங்குகளுக்கு வழி இருக்குமா என்பது இன்று எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

குட்டி வணிகத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் மூதாதையர்களின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய சான்று கிடைத்திருக்கிறது. மெக்சிகோவின் பண்டைய நகரமான தியோத்திவாக்கனில் 2018இல் ஒரு சிலந்திக் குரங்கின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஐந்து முதல் எட்டு வயதுப் பெண். அந்த மேட்டுநிலத்தில் இந்தக் குரங்கு இயற்கையாக வாழ்வதில்லை. மாயா அரசகுலத்தார் அனுப்பிய அரசுப் பரிசு என்பது ஆய்வாளர்களின் முடிவு. பிடிபட்ட பிறகு மக்காச்சோளமும் மிளகாயும் தின்றிருக்கிறது என்று பற்கள் காட்டின. இறுதியில் கைகள் கட்டப்பட்ட நிலையில் பலியாகப் புதைக்கப்பட்டது. பிறந்த கூட்டத்தை விட்டுப் புறப்பட வேண்டிய வயது அதற்கு.

இன்று பரிசாக அனுப்புவதில்லை, விற்கிறார்கள். குட்டி வேண்டுமென்றால் தாயைச் சுட வேண்டும். தாய் உயிரோடிருக்கும்வரை குட்டியை விடாது. சுட்ட தாய் உச்சியிலிருந்து விழும்போது குட்டியும் விழுகிறது. பிழைத்தவை மட்டுமே சந்தைக்கு வருகின்றன. மெக்சிகோவின் சட்டப்பட்டியலில் இவை அழிவாபத்தில் உள்ள இனம், சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் அப்படியே. அப்படியிருந்தும் மயக்க மருந்து கொடுத்துப் பைகளிலும் பெட்டிகளிலும் அடைக்கப்பட்ட குட்டிகள் டெக்சாஸ் எல்லையில் பிடிபட்டுக்கொண்டேயிருக்கின்றன. பிடிபடுபவற்றைப் பற்றி மட்டுமே நமக்குத் தெரியும். குழந்தை உடை போட்டு, பால்புட்டியோடு ஒரு குட்டி சிரிப்பதுபோலத் தோன்றும் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், எங்கள் மொழியில் பின்னூட்டம் இடுபவர்கள் உட்பட. பல்லைக் காட்டுவது குரங்குகளிடம் பெரும்பாலும் அச்சத்தின் அடையாளம். அந்தக் குட்டி வளர்ந்து ஐந்து வயதாகும்போது கடிக்கும். பிறகு சங்கிலி, கூண்டு. குவாத்தமாலாவில் ஆர்காஸ், பெலிஸில் வைல்ட்டிராக்ஸ் ஆகிய மீட்பு நிலையங்கள் இப்படிக் கைவிடப்பட்டவற்றைக் குழுவாகச் சேர்த்துப் பழக்கிக் காட்டுக்கு அனுப்பப் பல ஆண்டுகள் உழைக்கின்றன. ஒரு குரங்கைப் பிடிக்க ஒரு தோட்டா போதும். திருப்பி அனுப்ப ஆண்டுக்கணக்கில் மனிதர்கள் வேண்டும்.

இனி என் வேண்டுகோள்கள்.

முதலாவதாக, வழித்தடத்தின் வரைபடத்தை மரவுச்சி அளவில் மீண்டும் வரையுங்கள். வானிலிருந்து லேசர் கதிரால் மரங்களின் உயரத்தையும் இடைவெளியையும் அளக்கும் தொழில்நுட்பம் உங்களுக்குப் புதிதன்று. பெத்தேன் காட்டுக்கு அடியில் புதைந்திருந்த மாயா நகரங்களை உலகுக்குக் காட்டியதே அதுதான். இடிபாடுகளைத் தேட மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டுப் பார்த்தீர்கள். இம்முறை மரங்களை அப்படியே வைத்துக்கொண்டு பாருங்கள். கிளை எங்கெங்கே அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அறுந்த இடங்களில் கயிற்றுப் பாலம் கட்டுவது இரண்டாவது வழி. வெட்டாமல் விடுவதுதான் முதல் வழி. பெரு நாட்டில் எரிவாயுக் குழாய்க்காகக் காட்டை வெட்டியபோது, ஆய்வாளர்களின் ஆலோசனைப்படி சில இடங்களில் இருபுறக் கிளைகளும் மேலே தொட்டுக்கொண்டிருக்கும்படி மரங்களை விட்டுவைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மரவாழ் பாலூட்டி இனங்கள் அந்த இயற்கைப் பாலங்களைக் கடந்தன. தரையில் அதே இடைவெளியைக் கடந்தவை மிகச் சில. செலவு? எந்த மரத்தை விட வேண்டும் என்று கோடரி விழுமுன் ஒருவர் அண்ணாந்து பார்க்கும் நேரம். இனி போடும் ஒவ்வொரு சாலைக்கும், மின்கம்பி வழிக்கும், ரயில் பராமரிப்புப் பணிக்கும் இதை விதியாக்குங்கள். ஏற்கெனவே வெட்டிய இடங்களில் ரமோனும் அத்தியும் நடுங்கள். அவை வளரும்வரை கயிறு போதும்.

பெத்தேனில் ஊர்மக்களின் வன உரிமைகளை நீண்ட காலத்துக்கு உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அவர்களை அலுவலக வாசலில் நிற்கவைத்துவிட்டு, சட்டவிரோதப் பண்ணைக்காரரை வழக்கு மன்றத்தில் பல ஆண்டுகள் இழுத்தடிக்க விடுவது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

குட்டி விற்பவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. மூன்று நாடுகளின் எல்லைக் காவலும் கைப்பற்றும் ஒவ்வொரு குட்டியின் மரபணு மாதிரியையும் ஒரே பொதுத் தொகுப்பில் சேருங்கள். எந்தக் காட்டிலிருந்து வருகின்றன என்பது அப்போது தெரியும். காவலை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். குரங்குக் குட்டிகளை விற்கவும் காட்டவும் பயன்படும் காணொளித் தளங்களிடம் மூன்று அரசுகளும் சேர்ந்து பேசினால் அவை காது கொடுக்கும். தனித்தனியாகப் பேசினால் விளம்பரத் துறைக்கு அனுப்பி வைப்பார்கள்.

கடைசியாக, வழித்தடத்தின் ஆண்டறிக்கையில் ஹெக்டேர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். தேர்ந்தெடுத்த சில இடங்களில், அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த இளம்பெண் குரங்குகள் எத்தனை, குட்டி சுமக்கும் தாய்கள் எத்தனை. இதை எண்ண வெளிநாட்டு நிபுணர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய வழிகாட்டிகள் புன்தா லகுனாவில் இருக்கிறார்கள். உவாஹாக்துனில் காட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெலிஸின் மீட்பு நிலையங்களில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தொலைநோக்கியும், மாதச் சம்பளமும், தாங்கள் எழுதித் தருவது மேலிடத்தில் திருத்தப்படாது என்ற உறுதியும் கொடுங்கள். முதல் கணக்கு உங்கள் அடுத்த முத்தரப்புச் சந்திப்புக்கு முன்பே வந்துவிடும். அதைத் திருத்தாமல் வெளியிடுங்கள்.

மதிப்புடன்,
தமிழில் எழுதும் ஒரு காட்டுயிர் ஆர்வலன்